ஒத்திசைவு வேறு, காப்பு வேறு

கணக்கு அறிக்கை, வைப்புத்தொகை ரசீது, வட்டிச் சான்று, வரிப்பிடித்தச் சான்று, கடன் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றில் பெரும்பாலானவை இன்று வாடிக்கையாளரின் மின்னஞ்சல் பெட்டிக்கே சென்று சேர்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன்னர் பீரோவின் மேல்தட்டில் கயிறு கட்டி வைத்திருந்த கோப்பின் இடத்தை இன்று அஞ்சல் பெட்டி பிடித்துக்கொண்டது. பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது, எந்தத் தாள் எந்தக் கட்டில் இருக்கிறது என்பதை வீட்டார் அறிந்திருந்தனர். அஞ்சல் பெட்டி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய நம்மில் பலர் முற்பட்டதில்லை.

“கைப்பேசியில் இருக்கிறது, வீட்டுக் கணினியில் இருக்கிறது, மின்னஞ்சல் நிறுவனத்தின் சர்வரிலும் இருக்கிறது. மூன்று இடங்களில் உள்ள ஒன்று எப்படித் தொலையும்?” என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. பெரும்பாலான வீடுகளில் அந்த மூன்றும் தனித்தனிப் படிகள் அல்ல. ஒரே படியை மூன்று சன்னல்கள் வழியே பார்க்கிறோம், அவ்வளவுதான். இவ்வேறுபாட்டை உணர்ந்து, அஞ்சல் பெட்டியை ஒத்திசைப்பதையும் ஆவணங்களைக் காப்பதையும் இருவேறு பணிகளாகக் கருத வேண்டும்; இரண்டையும் தவறாது செய்ய வேண்டும் என்பதே நம் கருத்து.

இரண்டு முறைகள்

சர்வரில் வந்து சேரும் அஞ்சலைக் கணினியில் படிப்பதற்குப் பொதுவழக்கில் உள்ள முறைகள் இரண்டு. முதலாவது ‘பாப்’ எனப்படும் முறை. அஞ்சலக நெறிமுறை என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. 1984ஆம் ஆண்டில் வரையறுக்கப்பெற்ற இம்முறையின் மூன்றாம் பதிப்பு 1988இல் வெளிவந்தது. இன்றும் புழக்கத்தில் உள்ளது. அஞ்சலகத்திற்குச் சென்று கடிதங்களை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதைப் போன்றது இது. கணினி சர்வரை அழைக்கும். புதிய அஞ்சல்களை இறக்கிக்கொள்ளும். பின்னர், அமைப்பைப் பொறுத்து, சர்வரில் உள்ளதை நீக்கிவிடும் அல்லது விட்டுவைக்கும். எந்த அஞ்சல் படிக்கப்பட்டது, எது எந்தக் கோப்புறையில் உள்ளது என்பவை பற்றிய செய்தி எதுவும் சர்வருக்குத் திரும்பச் செல்லாது.

இரண்டாவது ‘ஐமேப்’. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் என்பவர் 1986இல் உருவாக்கிய முறை இது. இதன் நான்காம் பதிப்பு 1994இல் வந்தது. அதன் அண்மைத் திருத்தம் 2021இல் வெளியானது. இம்முறையில் சர்வரில் உள்ளதே மூலம். கணினியும் கைப்பேசியும் அந்த மூலத்தைப் பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்கின்றன. கைப்பேசியில் படித்த அஞ்சல் கணினியிலும் படித்ததாகவே தோன்றும். கணினியில் ஒரு கோப்புறைக்கு மாற்றினால் கைப்பேசியிலும் மாறும். ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடங்களிலும் அழியும்.

ஒரே கணினியில் அமர்ந்து அஞ்சல் படித்த காலத்திற்குப் பாப் போதுமானதாக இருந்தது. ஒருவரே கைப்பேசி, மடிக்கணினி, அலுவலகக் கணினி என மூன்றைக் கையாளும் இக்காலத்திற்கு ஐமேப் முறையோ அதனை ஒத்த வேறு முறையோ தேவைப்படுகிறது. இன்று கைப்பேசியில் அஞ்சல் கணக்கைச் சேர்க்கும்போது நம்மைக் கேளாமலேயே பெரும்பாலும் இவ்வகை ஒத்திசைவே அமைகிறது.

சரிகட்டும் பட்டியலும் ஒத்திசைவும்

வணிகவியல் படித்தவர்களுக்கு வங்கிச் சரிகட்டும் பட்டியல் நினைவிருக்கும். வணிகரின் ரொக்க ஏட்டில் உள்ள வங்கி இருப்பும், பாஸ்புக்கில் உள்ள இருப்பும் ஒத்துப்போகாதபோது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறுபாடு எங்கே எழுந்தது என்று கண்டறிவர். கொடுத்த காசோலை இன்னும் செலுத்தப்படவில்லை, வங்கி பிடித்த கட்டணம் ஏட்டில் ஏறவில்லை என்று ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் ஒரு காரணம் எழுதப்படும். காரணம் தெரிந்த பின்னரே திருத்தப் பதிவு.

அஞ்சல் பெட்டியை ஒத்திசைக்கும் மென்பொருளும் இருபுறத்தையும் ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. ஆனால் அது வேறுபாட்டுக்குக் காரணம் எழுதிக் காட்டுவதில்லை, வேறுபாட்டையே நீக்கிவிடுகிறது. இரு ஏடுகளும் ஒத்துப்போக வேண்டும் என்பது மட்டுமே அதன் குறிக்கோள். ஒத்துப்போனவை சரியாகவும் இருக்கின்றனவா என்னும் கேள்வி அதற்கு எழுவதே இல்லை.

இதிலுள்ள நுட்பமான சிக்கல் ஒன்றைச் சொல்ல வேண்டும். கணினியில் ஓர் அஞ்சல் இருக்கிறது, சர்வரில் அது இல்லை என்று கொள்வோம். அது கணினியில் புதிதாகச் சேர்ந்ததா, சர்வரில் அழிக்கப்பட்டதா? முதலாவது என்றால் சர்வருக்கு ஏற்ற வேண்டும். இரண்டாவது என்றால் கணினியிலிருந்து நீக்க வேண்டும். இரு பட்டியல்களை மட்டும் பார்த்து இதனை முடிவுசெய்ய இயலாது. கடந்த முறை இருபுறமும் ஒத்துக்கொண்ட நிலை என்ன என்னும் மூன்றாவது பதிவு ஒன்று வேண்டும். நம் கணக்கு ஏட்டில் தொடக்க இருப்பு செய்யும் வேலையை இங்கே அந்தப் பதிவு செய்கிறது.

இதற்காகவே ஐமேப் முறையில் ஒவ்வோர் அஞ்சலுக்கும் தனி எண் ஒன்று அளிக்கப்படுகிறது. அந்த எண் வரிசை இன்னும் செல்லுமா என்று காட்டும் மற்றோர் எண் ஒவ்வொரு கோப்புறைக்கும் உண்டு. இந்த இரண்டாம் எண் மாறினால், பழைய பதிவுகள் செல்லாதவை என்று கொண்டு கணினி எல்லாவற்றையும் மீண்டும் இறக்கத் தொடங்கும். கணினியைப் பழுதுபார்த்து வந்த பின் ஒரே அஞ்சல் இருமுறை தோன்றுவதையோ, ஆயிரக்கணக்கான பழைய அஞ்சல்கள் மறுபடி இறங்குவதையோ சிலர் கண்டிருப்பர். பெரும்பாலும் அதன் காரணம், கடந்த நிலையைக் குறித்த பதிவு தொலைந்துபோனதே. இருமுறை தோன்றுவது தொல்லை மட்டுமே. மறுபுறம் நிகழ்ந்த அழிவு இப்புறமும் வந்து சேர்வதுதான் இழப்பு.

அந்த இழப்பு வரும் வழி மிக எளிது. கிளைகளில் நாம் மீண்டும் மீண்டும் காணும் நிகழ்வு இது: கைப்பேசியில் இடம் நிரம்பிவிட்டதென்று வீட்டுப் பிள்ளைகள் பெரிய இணைப்புகள் கொண்ட பழைய அஞ்சல்களை அழிக்கின்றனர். பெரிய இணைப்புகள் என்றால் அவற்றுள் கணக்கு அறிக்கைகளும் அடங்கும். வீட்டுக் கணினியை அடுத்த முறை திறக்கும்போது அங்கும் அவை மறைகின்றன. ஜிமெயிலில் குப்பைத்தொட்டிக்குச் சென்ற அஞ்சல் 30 நாள்களில் நிலையாக நீங்கிவிடும். வருமான வரிப் படிவம் நிரப்பும் வேளையில்தான் இல்லாமை தெரிய வருகிறது. அதற்குள் அந்த 30 நாள்கள் கடந்துவிடுகின்றன. எந்தக் கருவியும் பழுதாகவில்லை. ஒத்திசைவு தனக்கிட்ட பணியைச் செவ்வனே செய்தது.

நாடா காத்த அஞ்சல்கள்

பெரிய நிறுவனங்கள் பல படிகள் வைத்திருக்குமே, அவை போதாதா என்று கேட்கலாம். 2011 பிப்ரவரி இறுதியில் நடந்ததை இங்கு நினைவுகூர்வது பொருத்தம். அப்போது ஜிமெயில் பயனர் சிலர் தம் பெட்டியைத் திறந்தபோது அது வெறுமையாக இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் மொத்தப் பயனரில் 0.02 விழுக்காட்டினர் என்று கூகுள் அறிவித்தது. அந்நிறுவனம் ஒவ்வோர் அஞ்சலுக்கும் பல படிகளைப் பல தரவு மையங்களில் வைத்திருந்தது உண்மை. ஆனால் சேமிப்பு மென்பொருளில் செய்த ஒரு மாற்றத்தில் பிழை நேர்ந்திருந்தது. அப்பிழை பல படிகளையும் ஒருங்கே தாக்கியது.

அஞ்சல்கள் எங்கிருந்து மீண்டன? காந்த நாடாக்களிலிருந்து. நாடாக்கள் இணைப்பில் இல்லாதவை என்பதால் அந்தப் பிழை அவற்றை எட்டவில்லை என்று கூகுள் விளக்கியது. உலகின் மிகப் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களுள் ஒன்றுக்கே, இணைந்திருந்த படிகள் கைவிட்ட வேளையில் இணையாமல் தனித்துக் கிடந்த பழைய பாணிப் படியே கைகொடுத்தது. நம் வீட்டிலும் அத்தகைய தனிப்படி ஒன்று இருத்தல் வேண்டும் என்று சொல்வது மிகையாகாது.

பிழை மட்டுமன்று, கேடு நினைப்பவரும் ஒத்திசைவைப் பயன்படுத்திக்கொள்வர். ஒருவரின் அஞ்சல் கணக்கிற்குள் நுழைந்த மோசடிக்காரர், வங்கியிலிருந்து வரும் அஞ்சலைக் கண்ணிற்படாமல் நேரே குப்பைக்கு அனுப்பும் விதி ஒன்றை சர்வரில் அமைத்துவிட முடியும். அதன் பின் கைப்பேசி, கணினி என எல்லா இடங்களிலும் அந்த மறைப்பு ஒரே சீராக நடைபெறும். அஞ்சல் கணக்கின் அமைப்புகளில் வடிகட்டி விதிகளையும், வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டையும் அவ்வப்போது திறந்து பார்க்கும் பழக்கம் ஆகவே தேவையாகிறது.

மூன்று நாள்களும் ஐந்து ஆண்டுகளும்

இது கணினி ஆர்வலர்க்குரிய பொருள் என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டு காலக்கெடுகள் வங்கி வாடிக்கையாளரை இதனோடு பிணைக்கின்றன.

முதலாவது மிகக் குறுகியது. இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 நாளிட்ட சுற்றறிக்கையில், வாடிக்கையாளர் ஒப்புதலின்றி நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளில் அவரது பொறுப்பு எவ்வளவு என்று வகுத்தது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்னும் நிலையில், வங்கியின் அறிவிப்பு கிடைத்த பின் மூன்று வேலை நாள்களுக்குள் அவர் தெரிவித்தால் அவருக்கு இழப்பே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்கள் என்றால் ஒரு வரம்பு வரை பொறுப்பு உண்டு. அதற்கும் மேற்பட்டால் வங்கியின் கொள்கைப்படி முடிவாகும். குறுஞ்செய்தி எச்சரிக்கை கட்டாயம். மின்னஞ்சல் பதிவு செய்திருந்தால் அதிலும் அறிவிப்பு வரும்.

இப்போது ஒரு சிறு கடையின் நிலையை எண்ணிப் பார்ப்போம். கடைக் கணினி பாப் முறையில் அஞ்சலை இறக்கிக்கொண்டு சர்வரில் நீக்கிவிடுகிறது. உரிமையாளரின் கைப்பேசியில் அஞ்சல் பெட்டி எப்போதும் வெறுமை. வங்கியின் எச்சரிக்கை கடைக் கணினியில் கிடக்க, அவர் வெளியூரில் இருக்கிறார். குறுஞ்செய்தி எண்ணும் பழையதாக இருந்தால் அவருக்குச் செய்தி சேர வழியே இல்லை. மற்றொரு வீட்டில் ஒத்திசைவு நன்றாகவே உள்ளது. ஆனால் ஒரே பெட்டியைக் கணவனும் மனைவியும் பிள்ளையும் பார்க்கின்றனர். பிள்ளை டேப்லெட்டில் விரல்பட்டுத் திறந்த எச்சரிக்கை, தாயின் கைப்பேசியில் ‘படித்தது’ என்று அடங்கிவிடுகிறது. வங்கி அறிவிப்புகளுக்கென ஒருவர் மட்டும் பார்க்கும் முகவரி ஒன்றை வைத்துக்கொள்வதும், அதனைக் கைப்பேசியில் ஐமேப் முறையில் உடனுக்குடன் ஒத்திசையுமாறு அமைப்பதும் ஆகவே நன்று. இந்த அளவில் நாம் ஒத்திசைவின் கட்சியே.

இரண்டாவது காலக்கெடு நீண்டது. கறுப்புப்பணத் தடுப்புச் சட்டத்தின்படி வங்கிகள் பரிவர்த்தனைப் பதிவுகளை, பரிவர்த்தனை நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுகள் பேண வேண்டும். சட்டம் வங்கிக்கு விதிக்கும் கடமையின் அளவு இது. வாடிக்கையாளரின் தேவையோ இதனைத் தாண்டியும் நீளும். இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மனையை விற்கும்போது, அதனை என்ன விலைக்கு வாங்கினோம் என்று மூலதன ஆதாயக் கணக்கில் காட்ட வேண்டியிருக்கும். முடிந்துபோன வீட்டுக் கடனுக்கு நிலுவை இல்லை என்னும் சான்று, வாரிசுகள் காலத்தில் தேவைப்படலாம். அத்தகைய ஆவணத்தை ‘எங்கோ மின்னஞ்சலில் இருக்கும்’ என்று விட்டுவிடுவது, ஒரு தனியார் நிறுவனத்தின் இலவசச் சேவையை நம் குடும்பப் பெட்டகமாகக் கொள்வதற்கு ஒப்பாகும்.

இலவசச் சேவைக்கு அதற்குரிய விதிகள் உண்டு. கூகுள் கணக்கில் இலவச இடம் 15 ஜிகாபைட். அஞ்சல், படங்கள், கோப்புகள் மூன்றும் அதனைப் பகிர்ந்துகொள்கின்றன. பேரக்குழந்தையின் படங்களால் இடம் நிரம்பினால் வங்கியின் அஞ்சலும் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பிவிடும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்கை அந்நிறுவனம் நீக்கலாம் என்பதும் 2023ஆம் ஆண்டு இறுதியிலிருந்து நடைமுறையில் உள்ளது. கணக்குரியவர் மறைந்து, குடும்பம் துயரத்திலும் சட்ட நடைமுறைகளிலும் உழலும் காலம் அந்த இரண்டு ஆண்டுகளை எளிதில் விழுங்கிவிடும்.

செய்யத்தக்கவை

அப்படியாயின் பழைய பாப் முறைக்கே திரும்பிவிடலாமா என்னும் வாதம் எழுகிறது. அஞ்சல் நம் கணினியில் இருந்தால் சர்வரில் என்ன நடந்தாலும் கவலையில்லை அல்லவா? அந்த வாதத்தை நாம் ஏற்கவில்லை. சர்வரில் நீக்கிவிட்டுக் கணினியில் மட்டும் வைத்தால், கணினியின் வட்டு பழுதாகும் நாளில் அனைத்தும் ஒரே வீச்சில் போகும். உயிருள்ள அஞ்சலுக்கு ஒத்திசைவே தக்கது. முடிந்த ஆவணத்திற்குத் தனிப்படி வேண்டும். நடப்புக் கணக்கையும் நிலை வைப்பையும் ஒன்றாகக் குழப்பாத வாடிக்கையாளர் இதனையும் குழப்ப வேண்டியதில்லை.

தனிப்படி எடுப்பது கடினமன்று. வங்கி அனுப்பிய பி.டி.எஃப். இணைப்பை அஞ்சலிலிருந்து கணினியின் ஒரு கோப்புறையில் சேமித்து, நிதியாண்டு வாரியாகப் பெயரிட்டு, ஆண்டுக்கொரு முறை பென்டிரைவிலோ வெளி வட்டிலோ படியெடுத்து, அதனைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிடலாம். கழற்றி வைப்பதே இதில் உயிர்நாடி. மார்ச் 31 முடிந்து ஏப்ரலில் கணக்கு அறிக்கை வந்தவுடன் இதனைச் செய்வதென வழக்கப்படுத்திக்கொண்டால் மறவாது. அறிக்கையைத் திறக்கும் கடவுச்சொல் பெயர், பிறந்த நாள், கைப்பேசி எண் ஆகியவற்றிலிருந்து அமைவது வழக்கம். பத்து ஆண்டுகள் கழித்து எந்தக் கைப்பேசி எண் என்று நினைவிராது. ஆகவே கடவுச்சொல் அமைப்பை வேறோர் இடத்தில் தனியே எழுதி, குடும்பத்தில் நம்பிக்கைக்குரிய ஒருவர் அறியும்படி வைத்தல் நலம்.

அஞ்சல்களையே முழுமையாகக் காக்க விரும்புவோர் தண்டர்பேர்டு, அவுட்லுக் போன்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம். இங்கு ஒரு பொது மயக்கத்தைக் குறிப்பிட வேண்டும். ‘ஆவணக் காப்பு’ என்று பெயரிட்ட கோப்புறைக்கு மாற்றிவிட்டால் அஞ்சல் கணினிக்கு வந்துவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். ஐமேப் கணக்கின் கீழே உள்ள எந்தக் கோப்புறையும் சர்வரில் உள்ள கோப்புறையே. தண்டர்பேர்டில் ‘உள்ளூர்க் கோப்புறைகள்’ என்று தனியே தோன்றும் பகுதிக்குப் படியெடுத்தால்தான் அது ஒத்திசைவின் கைக்கு எட்டாத இடம். அவுட்லுக்கில் ஒத்திசைவுக்கான கோப்பு வேறு, தனியே வைத்துக்கொள்ளும் பி.எஸ்.டி. கோப்பு வேறு. லினக்ஸ் பயன்படுத்துவோர் அறிந்த எம்பிசிங்க் போன்ற கருவிகளில், சர்வரிலிருந்து கணினிக்கு ஒருவழியாக மட்டும் அஞ்சலைக் கொண்டுவருமாறும், அழித்தலைக் கடத்தாதவாறும் அமைக்க இடமுண்டு. எந்தக் கருவியானாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அங்கே அழித்தால் இங்கேயும் அழியுமா? ‘ஆம்’ என்பது விடையானால் அது காப்பு ஆகாது.

வங்கிகளுக்கும் இதில் கடமை உண்டு. காகிதத்தைக் குறைத்து மின்னஞ்சலுக்கு மாறியதால் அஞ்சற்செலவும் அச்சுச்செலவும் குறைந்து வங்கிகள் பயனடைந்தன. ‘மின்னஞ்சலில் அனுப்பிவிட்டோம்’ என்னும் சொல்லோடு பொறுப்பு முடிந்ததாகக் கருதுதல் முறையன்று. வாடிக்கையாளரின் பெட்டி நிரம்பி அறிக்கை திரும்பி வந்தால், அதனைக் குறுஞ்செய்தியால் உடனே தெரிவிக்க வேண்டும். அறிக்கை அனுப்பும் அஞ்சலிலேயே ‘இதனைத் தனியே சேமித்துக்கொள்க’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பழைய ஆண்டுகளின் அறிக்கையை வாடிக்கையாளர் கேட்டு வரும்போது, அவர் கவனக்குறைவானவர் என்னும் பார்வை கூடாது. 1891ஆம் ஆண்டின் வங்கியாளர் ஏடுகள் சாட்சியச் சட்டம் வங்கி சான்றளித்த நகலுக்குச் சாட்சிய மதிப்பை அளிக்கிறது. அத்தகைய நகலைத் தரும் இடத்தில் உள்ளவர்கள் நாம்; அதனை இன்முகத்தோடு தர வேண்டும்.

வங்கியின் பேரேட்டில் ஒரு பதிவும், வாடிக்கையாளரின் கையில் ஒரு பாஸ்புக்கும் என்று ஏன் இரண்டு வைத்தனர் முன்னோர்? ஒன்றில் தவறு நேர்ந்தால் மற்றொன்று காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே. ஒன்றில் எழுதியது தானே மற்றொன்றிலும் எழுதப்படுமானால், ஒன்றில் அழித்தது தானே மற்றொன்றிலும் அழியுமானால், இரண்டு ஏடுகள் வைத்ததன் பயன் என்ன? அஞ்சல் பெட்டியை நாளும் ஒத்திசையுங்கள். அதனோடு, நிதியாண்டுக்கு ஒரு முறையேனும் அதன் கைக்கு எட்டாத இடத்தில் உங்கள் பாஸ்புக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.